படிக்கத்தானுங்க கேக்கறேன்

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். குரலை உயர்த்தாமல் பேசுவார். அவ்வளவுதான் கிடைத்தது. அதுவும் நல்லதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒரு நாளாவது கத்தியிருந்தால், எங்களில் யாராவது ஒருவர் திருப்பிக் கத்தியிருப்பார்.

கோயம்புத்தூர்க்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. எப்போதும் இஸ்திரி கலையாத வெளிர்நீலச் சட்டை. வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து நிர்வாக இயக்குநர் வரை யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் குனிவார். தமிழ் பேசுகிறவர்கள் கிடைத்தால் வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுவார். நான் திருச்சியிலிருந்து ஹைதராபாத் வந்து அப்போது நான்கு வருடம். அலுவலகத்தில் தமிழ் பேச இன்னொருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம் இருந்தது. முதல் நாள் என் மேஜைக்கு வந்தார். “வணக்கமுங்க மேடம்” என்றார். நான் எழுந்திருப்பதற்குள் என் கணினித் திரையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என் கை இன்னும் மவுஸ் மேல் இருந்தது.

“இதென்னுங்க ஓடுது?”

கேட்டால் நானே காட்டியிருப்பேன். அது அவருக்குத் தோன்றவே தோன்றாது என்று பின்னால் புரிந்தது. ஒரு பொருளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. கேன்டீனில் எல்லோரும் தட்டை நீட்டி நிற்போம். அவர் உள்ளே போய், சமையல்காரர் கையிலிருந்த கரண்டியைச் சிரித்துக்கொண்டே வாங்கி, அண்டாவிலிருந்து பப்பு, அதாவது இந்த ஊர்ப் பருப்பு, எடுத்துக்கொள்வார். நான் தொலைபேசியில் யாரிடமாவது விவரம் கேட்டுக்கொண்டிருந்தால் ரிசீவரை என் காதிலிருந்து எடுத்து, “நானே நேரா கேட்டுக்கறனுங்க” என்பார். பிடுங்கினார் என்று சொல்ல முடியாது. அவ்வளவு மென்மையாக எடுப்பார்.

எங்கள் கம்பெனி மருந்து மொத்த வினியோகம் செய்வது. அலுவலகம் பேகம்பேட்டில், கிடங்கு நாச்சாரத்தில். தெலங்கானா முழுக்க மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் எங்களிடம் ஆர்டர் போடும். ஆர்டர் பதிவாவது, கிடங்கில் எந்தப் பெட்டியை எடுப்பது என்று முடிவாவது, பில் அச்சாவது, வண்டி கிளம்புவது எல்லாம் ஒரே டேட்டாபேஸை நம்பி நடந்தன. அதைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பில் அச்சாகாமல் ஒரு மாத்திரை அட்டைகூடக் கிடங்கை விட்டு வெளியே போகக்கூடாது என்பது கம்பெனியின் சட்டம். மருந்து விஷயத்தில் அது நியாயமான சட்டம்தான்.

அவரைக் கொண்டுவந்தது டேட்டா வேர்ஹவுஸ் கட்ட. அதாவது, பல வருட விற்பனை விவரங்களைத் தனியாக ஓரிடத்தில் சேர்த்துவைத்து, எந்த ஊரில் எந்த மருந்து எந்த மாதத்தில் போகிறது என்று இயக்குநர்கள் பார்ப்பதற்கு. நல்ல யோசனை. ஆனால் அதற்கான விவரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு தொடங்கியது. வேலை நடந்துகொண்டிருக்கும் டேட்டாபேஸைத் தொடாமல், அதற்கு ஒரு பிரதி வைத்து, பிரதியிலிருந்து எடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அவர் ஓடுகிற டேட்டாபேஸுக்கே லாகின் கேட்டார். நான் முடியாது என்றேன்.

“படிக்கத்தானுங்க கேக்கறேன். எழுதவா கேக்கறேன்? படிச்சா தேஞ்சா போயிரும்?”

தேயாது. ஆனால் எங்களுடையது பழைய அமைப்பு. ஒரு பதிவேட்டை ஒருவர் புரட்டிக் கூட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே பக்கத்தில் எழுத வந்தால் காத்திருக்க வேண்டும். அவர் மூன்று வருட ஆர்டரைப் புரட்டினால் நாச்சாரத்தில் எல்லோரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதைப் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “அருமையா சொன்னீங்க” என்றார். அடுத்த நாள் நிர்வாக இயக்குநரிடமிருந்து, லாகின் கொடுக்கும்படி கடிதம் வந்தது. அனுமதிப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் நாச்சாரத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டாள். கிடங்கில் மருந்து அனுப்பும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அவளுடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே பணிமனைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக மெட்டுகூடாவில் இருக்கிறார்கள். அவள் தமிழில் பாதி இந்த ஊர் ஹிந்தி.

“இன்னாமா இது, ஸ்க்ரீன் சுத்திக்கினே கீது? நாலு வண்டி நிக்குது. கைக்கு இப்படி ஆவுது?” ‘கைக்கு’ என்றால் இந்த ஊர் ஹிந்தியில் ‘ஏன்’.

பார்த்தேன். அவருடைய லாகின். போய்ச் சொன்னேன். எழுந்து நின்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அன்று மாலையே மறுபடி செய்தார்.

பிரதி இல்லாததால்தானே இப்படி என்று, மூன்று வாரம் உட்கார்ந்து நானே ஒரு பிரதி அமைத்துக் கொடுத்தேன். இயங்கும் டேட்டாபேஸில் எழுதப்படுவது நான்கு நிமிடத்தில் பிரதிக்கு வந்துவிடும். காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு நிமிசமுங்களா?”

“ஆமா சார். மூணு வருஷக் கணக்குல நாலு நிமிஷம் என்ன பெருசு?”

“பழசு எனக்கெதுக்குங்க, அம்மிணி?”

பிரதியை அவர் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. சின்னப் பெண்ணிடம் சொல்வதுபோல் சொன்ன அந்த ‘அம்மிணி’யை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒருமுறை கச்சிபௌலியில் இருந்த அவர் வீட்டுக்கு என்னையும் என் கணவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். பதினேழாவது மாடி. அவர் மனைவி அதிகம் பேசவில்லை. பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் மகள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பரீட்சை எப்படி எழுதியிருக்கிறாள் என்று என் கணவர் சும்மா கேட்டார். “பரவாயில்லை அங்கிள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் சிரித்துக்கொண்டே மேஜை மேல் இருந்த அவள் போனை எடுத்தார். அவருக்கு அதன் பூட்டு எண் தெரிந்திருந்தது. “பரவாயில்லைன்னா என்னன்னு நேரா பாத்தர்லாமுங்க” என்று சொல்லி, அவள் தோழிகளுக்கு எழுதியதை எங்கள் முன்னால் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பரீட்சையைப் பற்றி இரண்டு வரி. பிறகு வேறு ஏதோ, ஒரு பையனைப் பற்றி. அந்தப் பெண் “நான்னா, ப்ளீஸ்” என்று அப்பாவைத் தெலுங்கில் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அவர் நிறுத்தவில்லை, இன்னும் ஒரு வரி படித்தார். அவர் மனைவி ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், ரசம் நிறைய இருந்தும். நாங்களும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

காரில் வரும்போது என் கணவர், “இவர்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இரு” என்றார். ஜாக்கிரதையாக இருப்பது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை.

வேலை இப்படியே போனது. நாச்சாரம் நிற்கும். ஸ்டெல்லா அக்கா கூப்பிடுவாள். நான் போய்ச் சொல்வேன். அவர் கைகூப்புவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், அவரிடம் சொல்லாமலே அவர் இணைப்பைத் துண்டித்தேன். அது ஒரு வரிக் கட்டளை. அடித்து என்டர் தட்டினால் அவர் கேள்வி பாதியில் நின்றுவிடும், நாச்சாரம் மூச்சுவிடும். அவர் கோபப்படவில்லை. “சரீங்க மேடம், நீங்க பண்ணுனது சரித்தானுங்க” என்றார். மறுநாள் இன்னொரு கடிதம் வந்தது. அவருடைய ஒப்புதல் இல்லாமல் அவர் இணைப்பை யாரும் துண்டிக்கக் கூடாது. கீழே என் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆர்டர்கள் வந்துகொண்டே இருப்பதால், அவர் கூட்டிக்கொண்டிருக்கும்போதே எண்கள் மாறின. மேலே ஒரு கூட்டுத்தொகை, கீழே ஒன்று. இயக்குநர் ஒருவர் அதைக் கவனித்துக் கேட்டுவிட்டார். அப்படிக் கேட்கப்பட்டது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வு, தன் கேள்வியில் ஒரு பூட்டைச் சேர்த்தது: அவர் கூட்டி முடிக்கும் வரை அந்தப் பதிவேடுகளில் யாருமே எழுத முடியாதபடி. முன்பாவது தற்செயலாக மற்றவர்களை நிறுத்தினார். இப்போது, தான் பார்த்து முடிக்கும் வரை எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும் என்று எழுதியே வைத்தார். எனக்கு அது தெரியாது. அந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

மழைக்காலம். வயலில் வேலை நடக்கும் மாதங்களில் பாம்புக்கடி மருந்துக்கு ஆர்டர் கூடும். அன்று காலை பதினோரு மணிக்கு இயக்குநர்கள் கூட்டம். ஓடுகிற விற்பனையைச் சுவர்த் திரையில் அவர் நேரடியாகக் காட்டப்போகிறார் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்திருந்தது. வரைபடத்தில் ஒரு மாவட்டத்தைத் தொட்டால் அந்த மாவட்டத்தின் விற்பனை விரியும். ஒவ்வொரு தொடுதலும் மூன்று வருடத்தையும் புதிதாகக் கூட்டும். ஏழு இயக்குநர்கள். புதுப் பொம்மை கிடைத்த மாதிரி ஆளாளுக்குத் தொட்டார்கள்.

பதினொன்றே காலுக்கு ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டாள். எப்போதும் கேலியாக ஆரம்பிப்பவள் அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“கண்ணு, பத்து நிமிஷமா ஒரு பில்லும் வரல. பாம்புக்கடி மருந்து அர்ஜன்ட்டுனு ஒரு ஆஸ்பத்திரிலேருந்து மூணு தபா போன் பண்ணிட்டாங்க. நாத்து நட்டுக்கினு இருந்த பொம்பளையாம். இருந்த குப்பியெல்லாம் போட்டுட்டாங்களாம், இன்னும் பத்து வேணுமாம். மருந்து குளிர்ரூம்ல என் கண்ணு முன்னாடி கீது. வண்டி நிக்குது. ரோடே ரெண்டு மணி நேரம். பில்லு விடு கண்ணு.”

பார்த்தேன். எண்பதுக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரே லாகின். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கூட்ட அறைக்கே போய்க் கதவைத் தட்டித் திறந்தேன். சுவரில் தெலங்கானா பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் கதவருகே வந்தார். நான் சொன்னேன்: நாச்சாரம் நின்றுவிட்டது, பாம்புக்கடி மருந்து, ஒரு பெண். கடைசி வார்த்தை வரை தலையாட்டிக் கேட்டார்.

“ரெண்டே நிமிசமுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நான் என் இடத்துக்கு வந்தேன். துண்டிக்கும் கட்டளையை அடித்தேன். அவர் இணைப்பின் எண்ணைச் சேர்த்தேன். என்டர் மட்டும் பாக்கி. கடிதத்தில் தனியாகக் குறிப்பிட்ட என் பெயர் ஞாபகம் வந்தது. இரண்டு நிமிடம்தானே என்றார். இரண்டு நிமிடம் ஆனது. ஐந்தானது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று நாற்பத்தாறுக்குக் கூட்டம் முடிந்து தானாகவே பூட்டு விலகியது. கூட்ட அறைக்குள் கைதட்டும் சத்தம் கேட்டது.

ஸ்டெல்லா அக்கா அதுவரை காத்திருக்கவில்லை. பதினொன்று இருபதுக்கே குளிர் அறையைத் திறந்து, பத்துக் குப்பியை ஐஸ் பெட்டியில் வைத்து, பேட்ச் நம்பரை ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வண்டியை அனுப்பிவிட்டாள். மருந்து போய்ச் சேர்ந்தது. நான்கு நாள் கழித்து அந்தப் பெண் வீடு திரும்பிவிட்டதாக ஆஸ்பத்திரி மருந்தாளர் அக்காவுக்குப் போன் செய்து சொன்னார்.

ஆனால் கணக்கில் பத்துக் குப்பி குறைந்தது. அக்கா அன்று மாலையே விவரத்தைப் பதிவு செய்யப் போனாள். பில் இல்லாமல் போன மருந்தை ஏற்றுக்கொள்ள அந்த மென்பொருளில் வழியே இல்லை. கணக்கில் குறைந்த அந்தப் பத்துக் குப்பியைக் கண்டுபிடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நாச்சாரத்தில் சட்டத்தை மீறி மருந்து வெளியே போயிருக்கிறது என்று இயக்குநருக்கு ஒரு பக்க அறிக்கை கொடுத்தார், வண்ணப் படத்தோடு.

விசாரணை பேகம்பேட்டில் நடந்தது. நிர்வாக இயக்குநர், பணியாளர் துறை அதிகாரி, அவர், அக்கா, நான். அன்று காலை பதினொன்று ஐந்திலிருந்து நாற்பத்தாறு வரை யார் யாரைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்ற பதிவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். மேஜை மேல் வைத்தேன்.

அவர் முழுதாகப் படித்தார். மறுக்கவில்லை. இயக்குநர் தெலுங்குக்காரர் என்பதால் ஆங்கிலத்தில் பேசினார். ஆங்கிலத்தில் அவருக்கு ‘ங்க’ கிடையாது. அங்கேதான் அவருடைய சொந்தக் குரலை முதன்முறையாகக் கேட்டேன். ஆமாம், என்னுடைய கேள்விதான், என்றார். இயங்கும் டேட்டாபேஸைப் பாதுகாப்பது இவருடைய பொறுப்பு என்று என்னைக் காட்டினார். அனுமதிப் படிவத்தில் இவர் கையெழுத்து இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்திருந்தால் ஏன் போட்டார்? பிறகு, நோயாளி பிழைத்துவிட்டாரல்லவா, அப்படியானால் சேதம் எதுவும் இல்லை, மிஞ்சுவது விதிமீறல் மட்டும்தான் என்றார். யார் பிழைக்க வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இயக்குநர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அக்கா மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவர் தன் பேனாவைத் திறந்து அக்காவிடம் நீட்டினார்.

“எழுதிக் குடுத்துருங்கக்கா. ஒண்ணும் ஆவாதுங்க.”

அக்கா பேனாவைப் பார்த்தாள். “நக்கோ” என்றாள், வேண்டாம் என்று. எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். பதினெட்டு வருட வேலை.

ஆறு மாதத்தில் நான் கச்சிபௌலியில் வேறு கம்பெனிக்கு மாறினேன். அவர் அங்கேயே துணைத்தலைவராகிவிட்டார் என்று கேள்வி. இப்போது என் டேட்டாபேஸில் யாருடைய கேள்வியாவது ஒரு நிமிடத்துக்கு மேல் மற்றவர்களை நிறுத்தினால் துண்டித்துவிடுகிறேன். யாருடையது என்று அப்புறம்தான் பார்ப்பேன். மரியாதை தெரியாதவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது.

போன டிசம்பரில் மெட்டுகூடாவுக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். முன்னைவிட இளைத்திருந்தாள், சிரிப்பு அப்படியே இருந்தது. எங்கள் பேச்சு சுற்றிச் சுற்றி அவரிடமே வந்து நின்றது.

“அந்தாளு எனக்குப் போன் பண்ணான் தெரியுமா? வேலைய உட்டு ஒரு மாசம் இருக்கும்.”

மன்னிப்புக் கேட்கவா என்றேன்.

“மன்னிப்பா? அந்த வெள்ளத்தாள்ல வண்டி போன டைம் எழுதாம உட்டுட்டேனாம். அவன் கணக்குல அந்தப் பத்துக் குப்பி டைம் இல்லாம தொங்கிக்கினு கீதாம். ‘நீங்களே நேரா சொல்லிட்டா சரியா இருக்குமுங்கக்கா’ன்றான்.”

“என்ன சொன்னீங்க?”

“பதினொண்ணு இருவதுன்னு சொன்னேன். அது நெசம்தானே. அந்தப் பொம்பள உயிரு அந்த டைம்ல கிளம்பிச்சுன்னு எங்கியாவது எழுதி இருக்கட்டுமே.”

அவரைத் திட்ட ஆரம்பித்தேன். அந்தக் கைகூப்பலை, கதவைச் சாத்தியதை, பேனாவை நீட்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினேன். நெடுநேரம் திட்டினேன் என்று நினைக்கிறேன். நான் ஓய்ந்த பிறகு, அக்கா குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அவன் அப்படித்தான் கண்ணு. உன்னால அவனைக் கட் பண்ண முடியும்ல? அன்னிக்கு ஏன் பண்ணல?”

கடிதம் இருந்தது, இரண்டு நிமிடம் என்றார், என் பெயரைப் போட்டிருந்தார்கள். எல்லாம் வாய்வரை வந்தது.

“பயமா இருந்துச்சுக்கா” என்றேன்.

“எனக்கும்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அக்கா வேலைக்கு நேரமாகிறதென்று எழுந்து செருப்பைத் தேடினாள்.